போன் திரையில் பார்த்த பூ நம்ம மாடியில் பூக்குமா?

(மூலக்கொத்தளத்தில் மாடித்தோட்டம் வளர்க்கும் குடியிருப்புவாசிகளிடம் தோட்டக்கலை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். கொஞ்ச நாளாக மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விதான். "சார், ஃப்ரீசியான்னு ஒரு பூ. போனில் விளம்பரம் வருது. கிழங்கு பத்து, கலர் ஆறு, மணம் வீடு முழுக்க வரும்னு போட்டிருக்கான். வாங்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். சென்னையில் ஃப்ரீசியா பூக்காது. உங்க கை ராசியிலோ கவனிப்பிலோ ஒரு குறையும் இல்லை. இங்கே இருக்கிற வெப்பம் அந்தச் செடிக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். அதே காசில், அதே தொட்டியில், கிழங்கிலிருந்து வளர்ந்து வீடு முழுக்க மணக்கிற பூ நம்ம ஊரிலேயே இருக்கு. அது எது, எப்படி வளர்ப்பது, ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கி ஏமாந்திருந்தால் எங்கே புகார் செய்வது, இந்த மூன்றையும் சொல்றேன்.

ஃப்ரீசியா ஏன் இங்கே பூப்பதில்லை?

இந்தச் செடியின் சொந்த ஊர் தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதி. எக்லோன் என்ற தாவரவியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் தன் நண்பரான ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீஸ் நினைவாக இந்தப் பெயரை வைத்தார். காஷ்மீரில் விளைகிற குங்குமப்பூவும் இதே குடும்பம்தான். குங்குமப்பூவை யாரும் மூலக்கொத்தளத்தில் பயிரிட நினைக்க மாட்டோம் இல்லையா? இதையும் அப்படித்தான் பார்க்கணும்.

கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். அதனால் ஃப்ரீசியாவின் கிழங்கு கோடை வெயிலில் மண்ணுக்குள்ளே தூங்கும். குளிரும் மழையும் சேர்ந்து வரும்போது முளைத்து இலை விடும். அந்தக் குளிரிலேயே உள்ளே மொட்டு கட்டும். மொட்டு கட்ட ஏறத்தாழ 12 முதல் 17 டிகிரி செல்சியஸ் குளிர் வேணும். அதுவும் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி போதாது, வாரக் கணக்கில் வேணும். நம்ம சென்னையில் மார்கழி, தை மாத ராத்திரியிலேயே சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலில் 29, 30 வந்துடும். அதனால் கிழங்கு முளைக்கும், புல் மாதிரி இலை வரும், நமக்கும் நம்பிக்கை வரும். கடைசியில் இலை பழுத்துக் காய்ந்துவிடும். பூ வராது.

"அப்போ ஃப்ரிட்ஜில் வச்சு நட்டா?" என்று கேட்பீங்க. டூலிப் கிழங்குக்குச் சொல்கிற யோசனை அது. ஃப்ரீசியாவுக்கு அது தலைகீழ். அதன் கிழங்கைத் தூக்கத்திலிருந்து எழுப்ப முதலில் சூடுதான் வேணும். சுமார் 30 டிகிரியில் 10 முதல் 13 வாரம் வைத்து, அதற்குப் பிறகுதான் விவசாயிகள் நடுவாங்க. குளிரில் வைத்தால் கிழங்கு முளைக்காமல், தன் மேலேயே இன்னொரு சின்னக் கிழங்கைக் கட்டிக்கிட்டு மறுபடியும் தூங்கப் போயிடும். நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள்ளே மண்ணுக்கு அடியில் குழாய் போட்டு, குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு இந்தப் பூவை வளர்க்கிறாங்க. நம்ம மொட்டை மாடியில் அது நடக்கிற காரியமா? ஊட்டி, கொடைக்கானலில் சொந்தக்காரங்க இருந்தால், கிழங்கை அவங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

நம்ம பூ: சம்பங்கி

மூலக்கொத்தளத்துக்காரங்களுக்கு நான் பூவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1939-இல் மொழிப்போரில் உயிர் கொடுத்த நடராசனும் தாளமுத்துவும் துயில்கிற இடம் இது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் அங்கே எத்தனை மாலை விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தால் பூக்கடை. பூ மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் அந்தப் பகுதிக்குப் பெயர் இன்னும் பூக்கடைதான். அந்த மாலைகளில் வெள்ளையாக, நீளமாக, கையில் எடுத்தாலே மணக்கிற பூ ஒன்று இருக்குமே, அதுதான் சம்பங்கி. நிலச்சம்பங்கி என்றும் சொல்வாங்க. மரத்தில் பூக்கிற செண்பகம் வேறு, இது வேறு.

சம்பங்கிக்கும் பூர்வீகம் வெளிநாடுதான், மெக்சிகோ. ஆனால் அது வெயிலுக்குப் பழகின செடி. சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைகிறது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நம்ம நாட்டுக்கு ஏற்ற ரகங்களைக் கொடுத்திருக்கு. மாலைக்கும் சரத்துக்கும் ஒற்றை அடுக்கு ரகங்கள் நல்லது: ஷ்ரிங்கார், பிரஜ்வல். ஜாடியில் வைக்க இரட்டை அடுக்கு ரகங்கள்: சுவாசினி, வைபவ். மணம் அதிகம் வேணும் என்றால் ஒற்றை அடுக்கே போதும்.

வளர்க்கும் முறை

கிழங்கு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்க. அழுத்தினால் கெட்டியாக இருக்கணும். மெத்தென்று இருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு சரியான அளவு. ரொம்பச் சின்னது முதல் வருஷம் இலையோடு நின்றுவிடும். இன்னொரு விஷயம், தோண்டின உடனே நடக்கூடாது. நிழலில் ஒரு மாதம் ஆறப்போட்ட கிழங்குதான் ஒழுங்காக முளைக்கும். எப்போது தோண்டியது என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்க.

நடுவதற்கு ஜூன், ஜூலை நல்ல காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இதற்கும் பொருந்தும்.

12 அங்குல அகலமுள்ள வளர்ப்புப் பை அல்லது தொட்டி எடுத்துக்குங்க. பழைய பெயின்ட் வாளி இருந்தால் நல்லாக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டாலும் போதும். செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய உரம் ஒரு பங்கு. இதோடு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மண்ணை லாரி ஷெட் ஓரத்திலோ, ரயில் பாதை ஓரத்திலோ வாரி வராதீங்க. எண்ணெயும் கண்ணாடித் துண்டும் கலந்திருக்கும், குழந்தைகள் கை படும். நர்சரியில் கேட்டால் செம்மண் மூட்டையாகக் கிடைக்கும்.

ஒரு பைக்கு மூன்று கிழங்கு. கூர்முனை மேலே இருக்கிற மாதிரி, இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்க. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு கை விரல் நீளம் இடைவெளி. நட்ட அன்றைக்கு ஒரு தடவை தண்ணீர். அப்புறம் முளை தெரிகிற வரைக்கும் மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்க. கிழங்குச் செடி காய்ந்து சாவதை விட அழுகிச் சாவதுதான் அதிகம்.

ஆறு மணி நேரமாவது வெயில் படுகிற இடத்தில் வையுங்க. மூன்று, நான்கு மாதத்தில் இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பும். கீழே இருக்கிற மொட்டு முதலில் விரியும், பிறகு நாளுக்குக் கொஞ்சமாக மேலே ஏறும். ஒரே தண்டில் ஒன்றிரண்டு வாரம் பூ வந்துக்கிட்டே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் மணம் தூக்கும். வட இந்தியாவில் இதை இரவில் மணப்பது என்ற பொருளில் ரஜனிகந்தா என்கிறார்கள். சாமிக்கோ சரத்துக்கோ வேணும் என்றால் விடிகாலையில் பறிங்க.

நம்ம பகுதிக்கு என்று சில விஷயங்கள்

முதலில் தண்ணீர். வடசென்னையில் பல தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதையே தினமும் ஊற்றினால் இலை நுனி கருகும், மண் மேலே வெள்ளை படியும். மெட்ரோ தண்ணீர் கிடைக்கிற அன்றைக்கு அதை ஊற்றுங்க. அரிசி, பருப்பு கழுவின தண்ணீர் நல்லது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை, அதையும் பிடித்து ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கு.

இரண்டாவது தூசி. கன்டெய்னர் லாரிப் புழுதியும் கடல் காற்றும் இலையில் படியும். வாரம் ஒரு முறை காலையில் இலை மேல் தண்ணீர் தெளித்துக் கழுவி விடுங்க.

மூன்றாவது உரம். காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது உரத்துக்கு நமக்கு என்ன குறை? மீன் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, 15 நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்க. மூடி இறுக்கமாக இருக்கணும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவாங்க.

நான்காவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்க. அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்க.

ஐந்தாவது பூச்சி. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்க. செடி காரணமில்லாமல் மஞ்சளாகி, வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது நூற்புழு. அந்தப் பையின் மண்ணையும் கிழங்கையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். சம்பங்கிப் பைகளுக்கு நடுவில் துலுக்கச் சாமந்தி வைத்தால் நூற்புழு குறையும்.

இரண்டு வருஷம் கழித்துப் பையைக் கவிழ்த்துப் பாருங்க. நட்ட மூன்று கிழங்கு ஒரு கொத்தாகப் பெருகி இருக்கும். பிரித்து நிழலில் ஆறப்போட்டு, பெரியதை நீங்க நடுங்க, மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்க. அதற்கப்புறம் உங்க மாடியில் யாரும் கிழங்கை விலைக்கு வாங்க வேண்டியிருக்காது.

இதை வைத்துப் பூ வியாபாரம் பண்ணலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீங்க. பத்துப் பை வைத்தால் வீட்டுச் சாமி படத்துக்கும் வெள்ளிக்கிழமை தலைக்கும் அவ்வப்போது பூ கிடைக்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்கணும்.

வேறு கிழங்குப் பூக்கள் கேட்டீங்கன்னா, மழை லில்லி ரொம்பச் சுலபம். சின்னத் தொட்டி போதும், நல்ல மழை பெய்த சில நாளில் பூத்துவிடும். மே மாதத்தில் பந்து மாதிரி சிவப்பாகப் பூக்கிற ஃபுட்பால் லில்லியும் சென்னைக்குப் பழகியதே. ஒரு எச்சரிக்கை: செங்காந்தள் நம்ம மாநில மலர், அழகில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதன் கிழங்கு கடும் விஷம். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று சொல்வது அதைத்தான். சமையல் கிழங்கு என்று நினைத்து வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம். யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்க.

மாடி நம்ம ஒருத்தருக்கு மட்டும் இல்லை

ஈரமான மண்ணோடு ஒரு 12 அங்குலப் பை 15 முதல் 20 கிலோ இருக்கும். பத்துப் பையை ஒரே மூலையில் அடுக்காமல், கீழே தூண் இருக்கிற ஓரங்களில் பரப்பி வையுங்க. கைப்பிடிச் சுவர் மேலே தொட்டி வைக்கவே கூடாது. காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் தலை போயிடும். அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்க.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்றால், டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டை இடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்குங்க, எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவணும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை போகாது. தட்டே வைக்காமல் விட்டால் இன்னும் நல்லது. தெருவில் கொசு அதிகம் என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்க.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால்

இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பினாலோ, அழுகிய கிழங்கை அனுப்பினாலோ, அது நுகர்வோர் உரிமைப் பிரச்சினை. நூறு ரூபாய் என்றாலும் உங்க காசு.

முதல் வேலை, ஆதாரம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பில்லையும், பணம் கட்டின மெசேஜையும் அழிக்காதீங்க.

இரண்டாவது, வாங்கின தளத்திலேயே புகார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்கணும். உங்க புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் தரணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும்.

மூன்றாவது, அங்கே கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போடணும்.

பணத்தை வாங்கிக்கிட்டு பார்சலே அனுப்பாமல் பக்கத்தையே மூடிட்டுப் போயிட்டாங்க என்றால், அது சைபர் மோசடி. உடனே 1930-ஐ அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு இருக்கு.

இன்னொன்று. வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாகக் கிழங்கு, விதை வரவழைக்காதீங்க. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி அதற்கு இறக்குமதி அனுமதியும், அந்த நாடு தருகிற நோயற்ற சான்றும் வேணும். இல்லாமல் வந்தால் பறிமுதல் ஆகலாம். அந்தக் கிழங்கோடு வருகிற நோய் நம்ம விவசாயிகள் வயலுக்குப் போனால், அந்த நஷ்டம் நம்ம நூறு ரூபாயோடு நிற்காது. 2020-இல் யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத விதைப் பொட்டலங்கள் பல நாட்டு மக்கள் வீட்டுக்கு வந்தபோது, மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விட்டது.

உங்க போனிலேயே இருக்கிற உதவி

தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018-இல் வந்தது. அது வயல் வைத்திருக்கிற விவசாயிக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறாங்க. தோட்டக்கலைத் திட்டங்கள், வானிலை எல்லாம் அதில் தமிழிலேயே பார்க்கலாம். மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் வளர்ப்புப் பை, தேங்காய் நார்த்தூள், விதை எல்லாம் ஒரே தொகுப்பாகத் தருகிற திட்டத்தைத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. இந்த ஆண்டு என்ன தொகுப்பு, என்ன விலை என்று துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்க. யாராவது வாசலுக்கு வந்து "அரசுத் திட்டம், முன்பணம் கட்டுங்க" என்றால் கொடுக்காதீங்க.

செடிக்கு நோய் வந்தால் கிசான் கால் சென்டர், 1800 180 1551. கட்டணம் இல்லை, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் சம்பங்கி சாகுபடி முறை முழுசும் தமிழில் இருக்கு. செடி கொடிகளை நேரில் பார்க்க மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கு, இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போனில் ஒரு அழகான பூ வந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன்னாடி இரண்டு கேள்வி கேளுங்க. இது எந்த ஊர்ச் செடி? மொட்டு கட்ட எத்தனை டிகிரி வேணும்? விற்பவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன எண்ணுக்கு ஒரு போன் போடுங்க. கேட்பதற்குக் காசு இல்லை.

ஆடி பிறப்பதற்குள் பையும் மண்ணும் தயார் பண்ணி வையுங்க. சம்பங்கிக் கிழங்கு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு பகிர்ந்துக்குங்க. எல்லார் மாடியிலும் பூக்கட்டும்.